விதை கொடுத்து விதை வாங்கிய வாவிலோவ்

நெல் வயலில் முளைக்கும் குதிரைவாலிப் புல்லைக் களை என்று பிடுங்கி எறிகிறோம். இன்று மனிதருக்குக் கஞ்சியாகவும் மாட்டுக்குத் தீவனமாகவும் பயன்படும் ஓட்ஸும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட களைதான். இதை நாடு நாடாகச் சென்று, வயல்களைப் பார்த்து விளக்கியவர் ரஷ்ய வேளாண் விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ்.

வாவிலோவ் 1887இல் மாஸ்கோவில் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த அவருடைய தந்தை, பின்னர் துணி வியாபாரத்தில் முன்னேறியவர். மாஸ்கோ வேளாண் கல்லூரியில் படித்த வாவிலோவ், 1913இல் இங்கிலாந்து சென்று மரபியல் கற்றார். நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்க வேண்டுமென்றால் அந்தக் குணம் எங்கோ ஒரு செடியில் இருக்க வேண்டும். அந்தச் செடியை எங்கே தேடுவது என்பதே அவருடைய கேள்வி.

பயிர் எங்கே முதலில் தோன்றியதோ, அங்கேதான் அதன் வகைகளும் காட்டு உறவுகளும் மிகுதியாக இருக்கும் என்று அவர் கருதினார். 1916இல் ஈரானுக்கும் பாமீர் மலைக்கும் சென்றார். 1924இல் ஆப்கானிஸ்தான், 1926-27இல் பாலஸ்தீனம் உள்ளிட்ட மத்தியதரைக்கடல் நாடுகள், எத்தியோப்பியா, பிறகு சீனா, ஜப்பான், மெக்சிகோ, தென் அமெரிக்கா என ஐந்து கண்டங்களில் விதை சேகரித்தார்.

நாம் சம்பா கோதுமை என்று அழைக்கும் பழைய கோதுமை வகை பயிரான வயல்களில், ஓட்ஸ் களையாகக் கலந்து வளர்வதை அவர் கவனித்தார். அறுவடையில் கோதுமையோடு சேர்ந்து வந்து, அடுத்த விதைப்பிலும் சேர்ந்தே போனது ஓட்ஸ். உழவர்கள் இந்த விதையை எடுத்துக்கொண்டு வடக்கே போகப் போக, குளிரிலும் வளமில்லாத மண்ணிலும் கோதுமை சோர்ந்தது. ஓட்ஸ் தாக்குப்பிடித்தது. கடைசியில் களையே பயிரானது. கோதுமையைப் போலத் தெரியும் ரை என்ற தானியமும் இப்படியே பயிரானது என்றார் வாவிலோவ்.

1921இல் வோல்கா ஆற்றுப் பகுதியில் கடும் வறட்சியும் பஞ்சமும் வந்தன. அதே ஆண்டு அமெரிக்கா சென்ற வாவிலோவ் ஏராளமான விதைகளைத் திரட்டினார். தொடர்ந்து விதை பெறுவதற்காக நியூயார்க்கில் ஓர் அலுவலகமும் அமைந்தது. அவர் தலைமையில் லெனின்கிராடில் இருந்த நிலையம் பிற நாட்டு ஆய்வு நிலையங்களோடு விதையைக் கொடுத்தும் வாங்கியும் வளர்ந்தது. அவருடன் பணியாற்றிய மால்ட்சேவ், காட்டு ஓட்ஸையும் பயிர் ஓட்ஸையும் வகைப்படுத்தி 1930இல் நூல் வெளியிட்டார். 1940 வாக்கில் அங்கே சுமார் 2.5 லட்சம் விதை மாதிரிகள் இருந்தன.

ஆனால் நாட்டில் காற்று மாறிவிட்டது. மரபியலே பொய் என்று வாதிட்ட லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு கிடைத்தது. புதிய ரகம் உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று சொன்ன வாவிலோவைவிட, உடனே விளைச்சலைக் கூட்டுவதாகச் சொன்னவரின் பேச்சு எடுபட்டது. 1940 ஆகஸ்டில், உக்ரைனில் விதை சேகரிக்கச் சென்ற இடத்தில் வாவிலோவ் கைது செய்யப்பட்டார். வேளாண்மையைக் கெடுத்தார், இங்கிலாந்துக்கு உளவு பார்த்தார் என்பவை குற்றச்சாட்டுகள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. தாம் முன்பு பேராசிரியராக இருந்த சராத்தோவ் நகரின் சிறையிலேயே, உணவின்றி உடல் நலிந்து 1943 ஜனவரி 26இல் இறந்தார்.

அதே காலத்தில் லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். விதை நிலைய ஊழியர்களைச் சுற்றி நெல்லும் கோதுமையும் ஓட்ஸும் பொட்டலம் பொட்டலமாக இருந்தன. அவர்கள் அவற்றை உண்ணவில்லை. ஓட்ஸ் விதைகளுக்குப் பொறுப்பாக இருந்த ரோடினா பசியால் இறந்தார். நெல் விதைகளைக் காத்த டிமிட்ரி இவானோவும் அப்படியே.

1955இல் வாவிலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். 1967 முதல் அந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் காட்டிய வழியின் பயனை ஓட்ஸிலேயே பார்க்கலாம். துரு நோய் புதுப்புது வடிவெடுக்கும். நேற்று தாங்கிய ரகம் இன்று விழும். கனடாவில் இந்த நோய் தாக்கியபோது, இஸ்ரேலில் சேகரித்த காட்டு ஓட்ஸின் எதிர்ப்புக் குணத்தை அங்குள்ள ஆய்வாளர்கள் தங்கள் ரகங்களில் சேர்த்தார்கள். ஒரு நாட்டில் யாரும் மதிக்காத களை, இன்னொரு நாட்டுப் பயிரைக் காத்தது.

பாரம்பரிய ரகம் வைத்திருக்கும் உழவர்களுக்கும் இதே கணக்குதான். ஒரே குதிரில் இருக்கும் விதை, ஒரு வெள்ளத்திலோ வறட்சியிலோ போய்விடும். நான்கு பேருக்குக் கொடுத்த விதையை, நமக்கு இல்லாத ஆண்டில் திரும்பக் கேட்டு வாங்கலாம்.