வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கோட்டும்

ஒரு வெள்ளைத் தொப்பி. தொளதொளவென்று தொங்கும் நீண்ட வெள்ளைக் கோட்டு. மூக்குக் கண்ணாடி. மோவாய்க்குக் கீழே, கழுத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போலத் தாடி.

1872-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது, அந்நாட்டு ஏடுகள் பல, திங்கள் கணக்கில் எழுதியும் படம் தீட்டியும் மக்கள்முன் வைத்த மாபெரும் பிரச்சினை இதுதான்! நாட்டை ஆள நிற்பவர் எதை எண்ணுகிறார், எதைச் செய்வார், அவரால் யார் வாழ்வர், யார் வீழ்வர் என்பதல்ல. அவர் தலையிலே இருப்பது எது என்பது!

தொப்பிக்கு உரியவர் ஹொரேஸ் கிரீலி. அரசியல்வாதி என்பதைவிட ஏட்டாளர் என்பதே அவருக்குப் பொருத்தம். ஏட்டிலே எழுதிப் பிழைக்கும் என்போன்றாருக்கு அவர் கதை முள்ளாய்க் குத்துகிறது. ஏன் என்பதைக் கேளுங்கள், தோழர்களே!

1811-ல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் சிற்றூரிலே பிறந்தவர். தந்தை உழவர். கடன் வந்தது, நிலம் போயிற்று, குடும்பம் ஊர்விட்டு ஊர் போயிற்று. கல்லூரி வாயிலை மிதித்தறியாத சிறுவன், பதினைந்து வயதிலே வெர்மாண்ட் மாநிலத்து அச்சகமொன்றில் எழுத்துக் கோக்க அமர்ந்தான். 1831-ல் நியூயார்க் நகரிலே வந்து நின்றபோது அந்த இளைஞன் கையிலே இருந்தது ஏறத்தாழ பத்து டாலர்!

ஒன்பது ஆண்டுகள் உருண்டன. 1840. ஜனாதிபதித் தேர்தல். விக் கட்சியின் வேட்பாளர் ஹாரிசன். அவரை எதிர்த்தவர், பதவியிலிருந்த வான் பியூரன். மரக்குடிசையும் ஆப்பிள் மதுவும் கொடுத்தால் கிழவர் ஹாரிசன் பேசாமல் முடங்கிக்கொள்வார் என்று எதிர்க்கட்சி ஏடொன்று ஏளனம் செய்தது. விக் கட்சியினர் விடுவரா? வாருங்கள், எங்கள் தலைவர் குடிசைவாசிதான், ஏழைப் பங்காளர்தான் என்று கிளம்பினர். அந்தத் தேர்தலுக்கென்றே ஒரு கிழமை ஏடு துவங்கினார் கிரீலி. பெயர், 'லாக் காபின்' - மரக்குடிசை! பாட்டு, இசைக்குறிப்பு, படம், கிண்டல் எல்லாம் அதிலே. 80,000 படிகள்வரை விற்றதாம்!

உண்மை என்ன? ஹாரிசன் பிறந்தது குடிசையிலே அல்ல. வர்ஜீனியாவிலே, செல்வச் சீமானின் செங்கல் மாளிகையிலே. ஆடம்பரப் பிரபு என்று தூற்றப்பட்ட வான் பியூரனோ, சாதாரண விடுதிக்காரரின் மகன்! மாளிகைக்காரர் குடிசைவாசியானார், விடுதிக்காரர் மகன் மாளிகைவாசியானார் - அச்சு மையின் மாயம்! இதிலே இன்னொரு வேடிக்கை. கிரீலி மதுவைத் தொடாதவர். அவர் நடத்திய ஏடுதான் ஆப்பிள் மதுவைக் கொடியாக உயர்த்திய கட்சிக்குக் கொம்பூதிற்று! ஹாரிசன் வென்றார், 234-க்கு 60 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில். ஒரே திங்களில் மாண்டும் போனார்.

1841, ஏப்ரல் 10. ஹாரிசனுக்காக நியூயார்க் நகரிலே இறுதி ஊர்வலம் நடந்த அதே நாளில், கிரீலியின் 'நியூயார்க் டிரிப்யூன்' முதல் இதழ் வெளிவந்தது. விலை ஒரு செண்ட். அவர் வாழ்விலே பெருமைக்குரிய பகுதி இதுதான். அடிமை முறையை அந்த ஏடு விடாமல் தாக்கிற்று. கார்ல் மார்க்ஸ் இலண்டனிலிருந்து அதற்குப் பத்தாண்டுகள் எழுதினார். நியூயார்க் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவர் யார்? முதலாளியாகிவிட்ட இந்தக் கிரீலியேதான், 1850-ல்! 1862 ஆகஸ்டிலே, அடிமைகளை விடுவிக்க ஏன் தயங்குகிறீர் என்று லிங்கனையே பகிரங்கக் கடிதத்தில் இடித்துரைத்தார். லிங்கன் பதில் எழுதினார், ஏட்டின் வலிமை அறிந்தவரல்லவா! மறு ஆண்டு, நியூயார்க் கலகக் கும்பல் டிரிப்யூன் கட்டடத்தையே தாக்கிற்று.

போர் முடிந்தது. தோற்ற தெற்கத்திக் கூட்டரசின் தலைவர் ஜெஃபர்சன் டேவிசுக்கு 1867-ல் ஜாமீன் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், அதே கிரீலி! பகை மறப்போம் என்பது அவர் வாதம். சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் விலகினர். அவர் பின்வாங்கவில்லை.

இப்படிப்பட்டவர் 1872-ல் ஜெனரல் கிராண்டை எதிர்த்து நின்றார். கிராண்டின் ஆட்சியிலே ஊழல் மிகுந்ததெனக் குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் சின்சினாட்டி மாநாட்டிலே அவரைத் தேர்ந்தெடுத்தனர். அங்கும் ஏட்டாசிரியர்கள் சிலர் கூடி ஆடம்சை வேட்பாளராக்கப் போட்ட திட்டம், கைதவறிக் கிரீலியிடம் போய்ச் சேர்ந்தது! காலமெல்லாம் அவர் வசைபாடிய ஜனநாயகக் கட்சியும் அவரையே ஏற்றது.

கேட்கவேண்டிய கேள்வி இங்கே இருந்தது. நேற்றுவரை அடிமைகளை வைத்திருந்தவர்களோடு கைகோக்கிறீரே, விடுதலை பெற்ற கருப்பின மக்களை அவர்கள் கையிலே விட்டுவிடுவீரா? முக்காடிட்ட கொலைக் கூட்டத்தாரிடமிருந்து அவர்களை யார் காப்பது? ஃபிரடெரிக் டக்ளஸ் கிராண்டை ஆதரித்ததற்கு இந்த அச்சம் காரணம். என்னைக் கேட்டால், கிரீலியிடம் இதற்குத் தக்க விடை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஆனால் ஏடுகள் பிடித்துக்கொண்டது எதை? தொப்பியை! 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யிலே தாமஸ் நாஸ்ட் கிழமைதோறும் படம் தீட்டினார். சாமான்யரல்ல அவர், நியூயார்க்கைக் கொள்ளையடித்த ட்வீட் கூட்டத்தை அதற்கு முந்திய ஆண்டுதான் தூரிகையால் வீழ்த்தியவர். அதே தூரிகை, கிரீலியின் கோட்டுப் பையிலே ஒரு சிறு நூலைச் செருகி, அவர் எழுதிய வேளாண்மை நூலின் தலைப்பை வாரம் ஒருவிதமாகத் திரித்தது. துணை ஜனாதிபதி வேட்பாளர் பிரவுனுக்கு முகம்கூட இல்லை. கிரீலியின் கோட்டு வாலிலே தொங்கும் பெயர்ச்சீட்டு, அவ்வளவே! கடைசியிலே, லிங்கனின் கல்லறைமீது, லிங்கனைக் கொன்ற பூத்துடன் கிரீலி கைகுலுக்குவதாக ஒரு படம். கருப்பின மக்களின் கதி என்ன என்ற நியாயமான கேள்வி, இந்தப் படத்திலே கொலைப்பழியாக உருமாறிற்று. கேலிச்சித்திரம் வேண்டாம் என்பவனல்ல நான். நம்மவர் தீட்டினால் நானும் கைகொட்டிச் சிரிப்பவன்தான். சிரித்து முடித்தபின் கேள்வி மீதி இருக்கவேண்டாமா?

செய்தியே வராமற்போகவில்லை. செப்டம்பரிலே நியூயார்க் 'சன்' ஏடு, கிரெடிட் மொபிலியர் ஊழலை அம்பலமாக்கிற்று. ரயில் பாதைக் கம்பெனிப் பங்குகள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கைமாறிய கதை. தேர்தல் காலப் பொய் என்று ஆளுங்கட்சியினர் தள்ளினர். தேர்தல் முடிந்தபின் காங்கிரசே விசாரித்தது; 1873 பிப்ரவரியில் உறுப்பினர் இருவருக்குக் கண்டனம்! உண்மை வெளிவந்தது, ஓட்டுப் பெட்டி மூடியபிறகு.

கிராண்ட் வாய்திறவாமல் இருந்தார். கிரீலி ஊர் ஊராகச் சென்று பேசினார். அக்டோபர் 30-ல் மனைவி மறைந்தார். நவம்பர் 5-ல் தேர்தல். ஆறே மாநிலங்கள் அவருக்கு. கிராண்டுக்கு 286 தேர்வாளர் வாக்குகள்.

மனம் ஒடிந்து டிரிப்யூன் அலுவலகம் திரும்பினார். பதவி தேடிகளைக் கிண்டல் செய்து அதிலே ஒரு குறிப்பு வந்திருந்தது, அவர் எழுதியதல்ல. தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மறுப்பு எழுதிக் கொடுத்தார். வெளியிடவில்லை! 31 ஆண்டுகளுக்கு முன் தாம் துவக்கிய ஏட்டிலே, தாம் எழுதிய சில வரிகளுக்கு இடமில்லை.

நவம்பர் 29-ல் கிரீலி இறந்தார். இறுதிச் சடங்குக்குக் கிராண்டும் வந்தார். தேர்வாளர்கள் இன்னும் வாக்களித்திருக்கவில்லை. கிரீலிக்குரிய 66 பேரில் பெரும்பாலோர் வேறு பெயர்களுக்குப் பிரித்துப் போட்டனர். ஜார்ஜியாவைச் சேர்ந்த மூவர் மட்டும் இறந்தவருக்கே போட்டனர். அந்த மூன்றையும் காங்கிரஸ் எண்ணவில்லை.