விசில் பிடித்த ஹெட்மாஸ்டர்



ஃபுட்பால் மேட்ச் பார்க்கிற எல்லோருக்கும் மஞ்சள் கார்டும் சிவப்பு கார்டும் தெரியும். பெலேயைத் தெரியும், மாரடோனாவைத் தெரியும். ஆனா அந்த கார்டு யாருடைய யோசனைன்னு கேட்டா நம்மில் பாதிப் பேர் முழிப்போம். அவர் பெரிய பிளேயர் இல்லை, கோச்சும் இல்லை. ஒரு ஆரம்பப் பள்ளியின் ஹெட்மாஸ்டர்! பெயர் கென் ஆஸ்டன். இங்கிலாந்துக்காரர்.

கார்டு கண்டுபிடிச்சார் என்ற ஒரே வரியோடு அவரைப் பொது அறிவுப் புத்தகங்களில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு வேறு ஒன்று பெரிதாகத் தெரிந்தது. நடுவரை எங்கிருந்து பிடிப்பது? அவரை எப்படிப் பழக்குவது? அவர் வெறுத்துப்போய் பாதியில் ஓடிவிடாமல் எப்படிக் காப்பது? இந்த மூன்று கேள்விக்கும் வாழ்நாள் முழுக்கப் பதில் தேடியவர் அவர். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆசிரியர் நடுவர் ஆனார்

கென் ஆஸ்டன் 1915 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் கோல்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். எக்ஸிடர் நகரில் செயின்ட் லூக்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு ஆசிரியரானார். அப்போதே பசங்க விளையாட்டில் அவருக்கு ஆர்வம் அதிகம். 1936 இல் நடுவர் தகுதி பெற்றார்.

நடுவர்னா விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டினால் போதும்னு நினைக்காதீங்க. விதிகளைப் படித்துத் தேர்வு எழுதணும். பிறகு சின்னச் சின்ன லீக் ஆட்டங்களில் நிற்கணும். அப்புறம் பெரிய ஆட்டங்களில் கோட்டோரம் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் வேலை. அதிலும் நல்ல பெயர் எடுத்த பிறகுதான் நடுவில் நின்று விசில் ஊத முடியும். ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஆஸ்டனும் அப்படித்தான் ஏறினார்.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. கணுக்காலில் அடிபட்டிருந்ததால் விமானப் படையில் அவரைச் சேர்க்கவில்லை. பீரங்கிப் படையில் சேர்ந்தார். அங்கிருந்து எங்கே மாறினார் தெரியுமா? அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு! லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தார். போர் முடிந்ததும் சிங்கப்பூரில் சாங்கி என்ற இடத்தில் நடந்த போர்க்குற்ற விசாரணை மன்றத்திலும் பணி செய்தார். மைதானத்தில் தீர்ப்புச் சொல்ல ஆசைப்பட்டவருக்கு உயிர் போகிற தீர்ப்புகளையும் பார்க்க வேண்டி வந்தது.

பனியில் தெரியாத கொடி

1946 இல் ஊர் திரும்பிய ஆஸ்டன் மறுபடி விசிலை எடுத்தார். கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பட்டை வைத்த நடுவர் உடையை இங்கிலாந்து லீக்கில் முதலில் போட்டவர் அவர்தான் என்கிறார்கள்.

அடுத்த வருஷம் இன்னொரு காரியம் செய்தார். அந்தக் காலத்தில் லைன்ஸ்மேன் கையில் இருக்கும் கொடி உள்ளூர் அணியின் நிறத்தில் இருக்கும். அதுவும் மங்கலாக இருக்கும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. அப்புறம் கொடி எங்கே தெரியும்? 1947 இல் ஆஸ்டன் பளிச்சென்ற மஞ்சள் கொடியைக் கொண்டு வந்தார்.

சின்ன விஷயம்தான். ஆனால் யோசிச்சுப் பாருங்க. நடுவருக்குக் கண் தெரியலையான்னு கத்துறது சுலபம். அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கொடியைக் கொடுக்க வேண்டும் என்று யோசிப்பவர் எத்தனை பேர்? ஆஸ்டன் செய்த வேலை எல்லாமே இந்த மாதிரிதான்.

1953 இல் அவர் லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் நியூபரி பார்க் பள்ளியின் ஹெட்மாஸ்டர் ஆனார். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், சனிக்கிழமை மைதானம். அந்த நாளில் நடுவர் வேலை யாருக்குமே முழுநேர வேலை கிடையாது. எல்லோரும் வேறு ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்தார்கள்.

சாண்டியாகோ போர்

இப்போ அவர் வாழ்க்கையிலேயே மோசமான நாளுக்கு வருவோம்.

1962 இல் சிலி நாட்டில் உலகக் கோப்பை. சிலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடந்த தொடக்க ஆட்டத்தை ஆஸ்டன் நடத்திக் கொடுத்தார். அதனால் ஜூன் 2 அன்று தலைநகர் சாண்டியாகோவில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டமும் அவர் கைக்கே வந்தது. ஆட்டத்துக்கு முன்னாலேயே ஊர் கொதித்துக்கொண்டு இருந்தது. 1960 இல் வந்த பெரிய பூகம்பத்தில் அடிபட்ட நாடு சிலி. அப்படிப்பட்ட நாட்டைப் பற்றி இத்தாலிப் பத்திரிகையாளர்கள் கேவலமாக எழுதியிருந்தார்கள்.

விசில் ஊதி 12 வினாடியிலேயே முதல் ஃபவுல்! கொஞ்ச நேரத்தில் இத்தாலியின் ஃபெரினியை ஆஸ்டன் வெளியே போகச் சொன்னார். ஃபெரினி போகவே மாட்டேன் என்று நின்றார். இவர் பேசுவது இங்கிலீஷ், அவர் பேசுவது இத்தாலி மொழி. கடைசியில் போலீஸ் மைதானத்துக்குள் வந்து அவரை வெளியே கொண்டு போனது. சிலி வீரர் லியோனல் சான்செஸ் ஒருவர் மூக்கை உடைத்தார். ஆனால் அவர் வெளியே அனுப்பப்படவில்லை. நடுவரின் கண் படாத இடத்தில் நடந்ததை லைன்ஸ்மேன்களும் எடுத்துச் சொல்லவில்லை. இத்தாலியில் இன்னொருவரும் வெளியேற்றப்பட்டார். ஒன்பது பேரோடு ஆடிய இத்தாலி 2-0 என்று தோற்றது. போலீஸ் பல முறை உள்ளே வர வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்துக்கு இன்று வரை 'சாண்டியாகோ போர்' என்றுதான் பெயர்.

ஆஸ்டனை எல்லாப் பக்கமும் திட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் உலகக் கோப்பை ஆட்டம் எதையும் நடத்தவில்லை. வேற ஒருத்தரா இருந்தா விசிலைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அவர் போகவில்லை. அடுத்த வருஷமே, 1963 இல், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தினார். மான்செஸ்டர் யுனைடெட்டும் லெஸ்டர் சிட்டியும் மோதிய ஆட்டம் அது. இங்கிலாந்து நடுவருக்கு உள்ளூரில் அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. அதோடு விளையாடும் களத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் வேலை முடியவில்லை. இனி மற்ற நடுவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை ஆனது.

சிக்னலில் பிறந்த யோசனை

ஃபிஃபாவின் நடுவர் குழுவில் ஆஸ்டன் எட்டு வருஷம் இருந்தார். அதில் நாலு வருஷம் தலைவர். 1966, 1970, 1974 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் நடுவர்கள் அவர் பொறுப்பில் இருந்தார்கள்.

1966 ஜூலை 23 அன்று இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் காலிறுதியில் மோதின. நடுவர் ஜெர்மனியைச் சேர்ந்த க்ரைட்லைன். அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை அவர் வெளியேற்றினார். ராட்டின் பேசுவது ஸ்பானிஷ். என்ன சொல்றாருன்னே புரியலை, மொழிபெயர்க்க ஆள் வேணும் என்று நின்றுவிட்டார். நான்கு வருஷத்துக்கு முன் சாண்டியாகோவில் தான் தவித்த அதே தவிப்பு இன்னொருவருக்கு! ஆஸ்டன் தானே மைதானத்துக்குள் போய்ச் சமாதானப்படுத்தினார்.

மறுநாள் பேப்பரில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் இருவரையும் நடுவர் எச்சரித்ததாகச் செய்தி வந்தது. அது அவர்களுக்கே தெரியாதாம்! ஃபிஃபாவிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டார்கள்.

இதையெல்லாம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டே ஆஸ்டன் காரில் போனார். லண்டனில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் சிக்னல். விளக்கு மாறியது. மஞ்சள் என்றால் நிதானம், சிவப்பு என்றால் நில். இதற்கு மொழி தேவையா? தமிழனுக்கும் புரியும், ஜெர்மன்காரனுக்கும் புரியும். அவ்வளவுதான், கார்டு பிறந்துவிட்டது.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் முதன்முதலாக கார்டுகள் வந்தன. வேடிக்கை என்னன்னா, அந்தப் போட்டி முழுக்க ஒரு சிவப்பு கார்டுகூடக் காட்டப்படவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு கார்டை 1974 இல் சிலியின் கஸேலி வாங்கினார்.

இன்னும் இரண்டு காரியங்களும் அவர் செய்தவை. 1966 இல், நடுவருக்கு உடம்பு முடியாமல் போனால் உடனே இறங்க ஒரு மாற்று நடுவரைத் தயாராக வைக்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தார். அதுதான் வளர்ந்து 1991 இல் நான்காவது நடுவர் என்று சட்டத்தில் இடம் பிடித்தது. 1974 இல், ஆள் மாற்றும்போது நம்பரைத் தூக்கிக் காட்டும் பலகையைப் புகுத்தினார். கொடி, கார்டு, மாற்று நடுவர், பலகை. நான்கையும் சேர்த்துப் பாருங்க. நடுவில் ஒற்றை ஆளாக நிற்பவருக்கு ஏதாவது ஒரு துணை கொடுக்கணும், அதுதான் நான்கிலும் இருக்கிறது.

அப்பா அம்மாக்களே நடுவர்கள்

இது பலருக்குத் தெரியாத பகுதி. வயதான காலத்தில் ஆஸ்டன் அமெரிக்காவுக்கு அடிக்கடி போனார். அங்கே 1964 இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் குழந்தைகளுக்கான கால்பந்து அமைப்பு ஒன்று தொடங்கியிருந்தது. சுருக்கமாக ஏ.ஒய்.எஸ்.ஓ. என்பார்கள். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆனால் இத்தனை ஆட்டத்துக்கும் நடுவருக்கு எங்கே போவது? பிள்ளைகளின் அப்பா அம்மாக்களைத்தான் பிடித்தார்கள். அதில் பலர் வாழ்நாளில் பந்தையே உதைக்காதவர்கள். சம்பளமும் கிடையாது, தொண்டுதான்.

உலகக் கோப்பை நடுவர்களை ஆண்ட மனிதர் இந்த அப்பா அம்மாக்களுக்குப் பாடம் எடுத்தார்! சுமார் 20 வருஷம் அந்த அமைப்பின் நடுவர்களைப் பழக்கினார். அவர் பெயரிலேயே நடுவர் பயிற்சி முகாம்களும் நடந்தன. அமெரிக்காவில் கால்பந்துக்குச் செய்த சேவைக்காக 1997 இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. பட்டம் கிடைத்தது. 2001 அக்டோபர் 23 அன்று 86 வயதில் காலமானார். இங்கிலாந்தின் பெரிய லீக்கில் நடுவர் வேலையை முழுநேரத் தொழில் ஆக்கியதும் அதே 2001 இல்தான்.

நாம் என்ன செய்யலாம்?

கார்டு வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் பிரச்சினை தீரவில்லை. 2023 இல் இங்கிலாந்தில் சின்ன லீக் நடுவர்களின் சட்டையில் கேமரா மாட்டி சோதனை செய்தார்கள். காரணம், அவர்களைத் திட்டுவதும் அடிப்பதும் நிற்கவில்லை. கேமரா பார்க்கிறது என்றால் கொஞ்சம் அடங்குவார்கள் இல்லையா? புதுசா வருகிற நடுவர் ஓடிப்போவது விதி தெரியாமல் இல்லை, வசவு தாங்காமல்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்! நம்ம ஸ்கூல்லயே வகுப்புக்கு வகுப்பு மேட்ச்சில் விளையாட 11 பேர் கேட்டால் 30 பேர் வருவோம். விசில் பிடிக்க ஆள் கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்போம். கடைசியில் பி.டி. சார் ஒருவரே எல்லா ஆட்டத்துக்கும் நிற்கிறார். எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் துணிந்து வந்தாலும் ஒரே ஆட்டத்தில் கத்தி விரட்டிவிடுகிறோம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் விதிகளை ஒழுங்காகப் படிக்கட்டும். முதல் முறை விசில் பிடிக்கும் தம்பி, தங்கைக்குப் பக்கத்தில் கோட்டோரம் ஒரு சீனியர் அண்ணனோ அக்காவோ நிற்கட்டும். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் கேப்டன் மட்டும், ஆட்டம் முடிந்த பிறகு, மரியாதையாகக் கேட்கட்டும். இதற்குக் காசு பணம் எதுவும் தேவையில்லை.

பந்து இல்லாவிட்டால் துணியைச் சுருட்டியாவது விளையாடிவிடலாம். கோல் போஸ்ட் இல்லாவிட்டால் இரண்டு செருப்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நியாயம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அங்கே நடப்பது விளையாட்டு இல்லை, சண்டை. விசில் பிடிப்பவரைத் தனியாக விடாதீர்கள், நண்பர்களே!