பாலை கடந்த வீராங்கனை

நெடுவழிச் செலவு மனிதனுக்குப் புதிதன்று. காலால் நடந்தும், குதிரை மீதும் ஒட்டகத்தின் மீதும் ஏறியும், பாய்மரக் கலங்களில் மிதந்தும் அவன் உலகின் பல திசைகளையும் கண்டான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்னும் ஊர்தி அவன் கைக்கு வந்தது. நகரத்துச் சாலையில் அதனை ஓட்டியோர் பலர். ஆயினும், சாலையே இல்லாத நாடுகளையும் அதன் துணைகொண்டு கடக்கும் துணிவு சிலருக்கே வாய்த்தது. அச்சிலருள் ஒருவர், இங்கிலாந்து நாட்டில் தோன்றிய தெரசா வாலக் அம்மையார் ஆவார்.

இளமையும் கல்வியும்

தெரசா 1909ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிலில் இங்கிலாந்து தலைசிறந்து விளங்கியது. அத்தொழிலில் ஈடுபட்டிருந்தோர் பலர் தெரசாவுக்கு இளமையிலேயே அறிமுகமாயினர். புதிய வண்டிகளை ஓட்டிச் சோதித்துப் பார்க்கும் அவர்களிடமே அவர் வண்டி ஓட்டக் கற்றார். பெண் ஒருத்தி மோட்டார் சைக்கிளில் செல்வது தகாது என்று எண்ணிய காலம் அது. தெரசாவின் பெற்றோரும் அவ்வாறே எண்ணினர். மகளின் விருப்பத்திற்கு அவர்கள் இசையவில்லை. ஆயினும், தெரசாவின் உள்ளத்தில் வேரூன்றிய ஆர்வத்தை அவர்களால் மாற்ற இயலவில்லை.

அவ்வார்வம் வெறும் விளையாட்டு விருப்பமாக நின்றுவிடவில்லை. வண்டியை ஓட்டுவதனோடு அமையாமல், அது எவ்வாறு ஓடுகின்றது என்பதனையும் அறிய அவர் விழைந்தார். உதவித்தொகை பெற்று, இலண்டன் மாநகரில் பொறியியல் பயின்றார். பெண்கள் அத்துறையில் அடியெடுத்து வைப்பதே அரிதாக இருந்த காலத்தில், எந்திரத்தைப் பிரிக்கவும் பூட்டவும், பழுதின் காரணத்தைக் கண்டு நீக்கவும் அவர் தேர்ந்தார். கையில் படிந்த எண்ணெய்க் கறையை இழிவாகக் கருதாத அப்பயிற்சியே பின்னாளில் அவர் உயிரைக் காத்தது.

துணிந்த முடிவு

பிளாரன்ஸ் பிளங்கிரான் என்னும் நங்கை தெரசாவின் தோழியாவார். புரூக்லண்ட்சு பந்தயத் தடத்தில் மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்த முதற் பெண்மணி என்னும் சிறப்பை 1934ஆம் ஆண்டில் எய்தியவர் அவர். தோழியர் இருவரும் இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில் உள்ள கேப்டவுன் நகரம் வரை மோட்டார் சைக்கிளிலேயே செல்வது என்று முடிவு செய்தனர்.

அம்முடிவின் அருமையை உணர வேண்டுமாயின், ஆப்பிரிக்காவின் நிலப்படத்தைக் காணவேண்டும். வடக்கே சகாரா என்னும் பெரும்பாலை, நடுவே அடர்ந்த காடுகள், அதற்கப்பால் உயர்ந்த மேட்டுநிலங்கள் என அக்கண்டம் பரந்து கிடக்கின்றது. அந்நாளில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தொடர்ந்து செல்லும் நல்ல சாலை கிடையாது. இடைவழியில் வண்டி நின்றுவிட்டால், உதவிக்கு அழைக்க ஆளும் இல்லை. உறுப்புகள் வாங்கக் கடையும் இல்லை. ஆடவரே அஞ்சும் அவ்வழியைப் பெண்கள் இருவர் கடத்தல் இயலாது என்று கருதியோர் பலர்.

தோழியர் சோர்வடையவில்லை. யார்க்சயரில் இருந்த பீலன் அண்டு மூர் நிறுவனத்தார் செய்த ‘பாந்தர்’ என்னும் மோட்டார் சைக்கிளை அவர்கள் தம் செலவுக்குரிய ஊர்தியாகக் கொண்டனர். அது 600 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் ஒரே உருளையும் உடைய எந்திரத்தைக் கொண்டது. வேகத்தில் சிறந்தது என்று அதனைக் கூற இயலாது. ஆனால் சுமை இழுக்கும் வலிமையும், எளிதில் பழுதுபார்க்கத் தக்க அமைப்பும் அதற்கு உண்டு. அதன் ஒரு பக்கத்தில் பக்கவண்டி ஒன்று பூட்டப்பட்டது. பின்புறத்தே இழுவண்டி ஒன்று இணைக்கப்பட்டது. கூடாரம், உணவு, நீர், பெட்ரோல், கருவிகள் ஆகிய யாவும் அவற்றில் அடங்கின. எதனை எடுத்துச் செல்வது என்பதனைக் காட்டிலும், எதனை விட்டுச் செல்வது என்று தெளிதலே இத்தகைய செலவில் கடினமாகும். மிகுதியாக ஏற்றிய ஒவ்வொரு பொருளும் மணலில் சக்கரத்தை மேலும் ஆழமாகப் புதைக்கும் அன்றோ!

சகாராவின் நடுவே

1934ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், கடுங்குளிர்க் காலத்தில், அவர்கள் இலண்டனை விட்டுப் புறப்பட்டனர். பிரான்சு நாட்டைக் கடந்து, நடுநிலக் கடலைக் கப்பலில் தாண்டி, அல்சீயர்சு நகரை அடைந்தனர். அங்கிருந்து தெற்கு நோக்கிச் சகாராவில் நுழைந்தனர்.

தமிழ் இலக்கியங்கள் கூறும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு திரிந்த நிலமாகும். மழை பெய்தால் அது மீண்டும் தளிர்க்கும். சகாராவோ அத்தகையதன்று. ஏறத்தாழ 35 இலட்சம் சதுர மைல் பரப்புடைய அது, ஆண்டு முழுவதும் பாலையாகவே கிடப்பது. பகலில் வெயில் தீயென எரிக்கும். இரவில் குளிர் எலும்பை உலுக்கும். மணற்புயல் எழுந்தால், முன் சென்ற வண்டிகளின் தடமும் மறைந்துபோகும். தடம் தவறியவர் நீரின்றி மாள்வர். ஆதலால், அப்பகுதியை அந்நாளில் ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள், அதனைக் கடக்க விரும்புவோர் முன்னரே இசைவு பெறவேண்டும் என்று விதித்திருந்தனர்.

தோழியரிடம் திசைகாட்டும் கருவி இல்லை. துணைவண்டியும் உடன் வரவில்லை. சக்கரத் தடங்களையே நம்பி அவர்கள் சென்றனர். இளகிய மணலில் வண்டி புதையும்போதெல்லாம் இருவரும் இறங்கி, கையால் மணலை அகழ்ந்து, வண்டியைத் தள்ளி மீட்டனர். சில பொழுதில் மிகச் சிறிது தொலைவு செல்வதற்கும் நெடுநேரம் உழைக்க நேர்ந்தது. ஆங்காங்கே இருந்த பாலைவனச் சோலைகளிலும் படைக் காவலிடங்களிலும் தங்கி, நீரும் பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு, ஆகர் மலைப்பகுதியில் உள்ள தமன்ராசெட் என்னும் ஊரைக் கடந்து மேலும் தெற்கே சென்றனர்.

பாலையின் தென்பகுதியில், அகாதெசு என்னும் பழைய ஊரை நெருங்கும் வேளையில், அவர்கள் அஞ்சிய இடர் வந்தே விட்டது. இத்தனை நாளும் மணலோடும் சுமையோடும் போராடிய எந்திரம் பழுதுற்று நின்றது. அகாதெசை அடைந்த பின்னர், எந்திரம் முழுவதையும் பிரித்து, தேய்ந்தவற்றை நீக்கி, மீண்டும் பூட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. அது எளிய வேலையன்று. எந்திரத்தின் உள்ளே ஒரு மணல் துகள் புகுந்தாலும், சுழலும் உறுப்புகள் விரைவில் அழிந்துவிடும். சுற்றிலுமோ மணல் நிறைந்த நாடு. தம் கையில் இருந்த கருவிகளையும், பொறியியற் கல்வியால் பெற்ற அறிவையும் துணைகொண்டு அவர்கள் அப்பணியை முடித்தனர். எந்திரம் மீண்டும் உயிர்பெற்று ஒலித்தது. வண்டி ஓட்ட மட்டும் அறிந்தவராக அவர்கள் இருந்திருப்பின், அச்செலவு அகாதெசிலேயே முடிந்திருக்கும்.

தென்கோடியை அடைதல்

பாலை ஒழிந்த பின்னரும் இன்னல் ஒழியவில்லை. நைசீரியாவில் உள்ள கானோ நகரைக் கடந்து, நடு ஆப்பிரிக்கக் காடுகளினூடே காங்கோ நாட்டை நோக்கி அவர்கள் சென்றனர். முன்னர் நீரின்மையால் வருந்தியவர்கள், இப்பொழுது நீர் மிகுதியால் வருந்தினர். மழையால் செம்மண் பாதைகள் சேறாயின. பின்னர்க் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களையும், ரொடீசியாவையும் கடந்து தென்னாப்பிரிக்காவில் புகுந்தனர். வழியில் வாழ்ந்த மக்கள் பலர், மொழி அறியாத அவ்விரு பெண்களுக்கும் உதவி செய்தனர். தனி வழிச் செலவில் தன் வலிமை எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு பிறர் அன்பும் வேண்டும் என்பதனை அம்மக்களின் உதவி காட்டிற்று.

1935ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் அவர்கள் கேப்டவுன் நகரை அடைந்தனர். புறப்பட்ட நாள் முதல் ஏழரைத் திங்கள் கடந்திருந்தன. ஆப்பிரிக்காவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை மோட்டார் சைக்கிளில் சென்ற பெண்கள் என அவர்கள் பெயர் நிலைபெற்றது.

போரிலும் பந்தயத்திலும்

அப்புகழோடு தெரசா அமைந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டில், புரூக்லண்ட்சு தடத்தில் 350 கன செண்டிமீட்டர் அளவுள்ள ‘நார்ட்டன்’ வண்டியை மணிக்கு 101.64 மைல் வேகத்தில் ஓட்டிப் பொன் விண்மீன் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற பெண்கள் மூவரே ஆவர். அவர்களுள் இவர் மூன்றாமவர். அவ்வாண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. புரூக்லண்ட்சுத் தடமும் என்றென்றைக்குமாக மூடப்பட்டது.

போர்க்காலத்தில் தெரசா பிரிட்டானியப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். முதலில் ஊர்திகளைப் பழுதுபார்க்கும் பணியை ஏற்றார். பின்னர், மோட்டார் சைக்கிளில் சென்று படைச் செய்திகளைக் கொண்டு சேர்க்கும் தூதுப்பணியில் அமர்ந்தார். வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகள் மறைக்கப்பட்ட இருண்ட சாலைகளில், குறித்த நேரத்தில் செய்தியைச் சேர்ப்பதற்கு ஓட்டும் திறனோடு அஞ்சா நெஞ்சமும் வேண்டும். ஏழாண்டுகள் அவர் படையில் தொண்டாற்றினார்.

அமெரிக்காவில்

போர் முடிந்த பின்னர், தெரசா தம் மோட்டார் சைக்கிளுடன் அமெரிக்கா சென்றார். அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ 32,000 மைல் தொலைவு செலவு மேற்கொண்டார். அதற்கு வேண்டிய பொருள் அவரிடம் இல்லை. கையில் இருந்த பணம் குறையும்போது ஓர் ஊரில் தங்கிக் கிடைத்த வேலையைச் செய்வார். பணம் சேர்ந்ததும் மீண்டும் புறப்படுவார். பாத்திரம் கழுவும் வேலையையும், வானூர்திகளைப் பழுதுபார்க்கும் வேலையையும் அவர் ஒன்றுபோலவே கருதினார்.

பின்னர் அவர் சிகாகோ நகரில் குடியேறி, மோட்டார் சைக்கிள் விற்கும் கடை ஒன்றை நிறுவினார். அவருடைய வாணிகம் ஏனையோர் வாணிகத்தினின்றும் வேறுபட்டிருந்தது. வாங்க வந்தவருக்கு வண்டியை அடக்கி ஓட்டும் திறன் இல்லையெனில், அவர் அதனை விற்க மறுத்துவிடுவார். முதலில் ஓட்டும் முறையைத் தாமே கற்பிப்பார். வரும் ஊதியத்தினும் வாங்குபவரின் உயிரே பெரிது என்பது அவர் கொள்கை.

இவ்வாறு தொடங்கிய கற்பித்தற் பணியே நாளடைவில் அவர் வாழ்க்கைப் பணியாயிற்று. வண்டியை எளிதாகவும் இடரின்றியும் ஓட்டும் முறையை விளக்கி, 1970ஆம் ஆண்டில் நூல் ஒன்றை வெளியிட்டார். 1973ஆம் ஆண்டில் கடையை விடுத்து, அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்சு நகருக்குச் சென்று, ஓட்டுநர் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்களின் பன்னாட்டுச் சங்கத்தில் முதல் துணைத்தலைவராகவும் அவர் விளங்கினார்.

முதுமையும் புகழும்

தெரசா தம் வாழ்நாளில் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டதே இல்லை. 88ஆம் அகவை வரை மோட்டார் சைக்கிளே அவருக்கு ஊர்தியாக இருந்தது. கண்பார்வை மங்கிய பின்னரே, பிறருக்கு இடர் நேரலாகாது என்னும் நெறிக்கு இணங்க, ஓட்டும் உரிமத்தைத் துறக்க நேர்ந்தது. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், தம் தொண்ணூறாம் பிறந்தநாளன்று, அவர் உலக வாழ்வை நீத்தார். அவர் எழுதி வைத்திருந்த ஆப்பிரிக்கப் பயண வரலாறு அவர் மறைவுக்குப் பின்னர், 2001ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தார் தம் புகழ்மன்றத்தில் அவர் பெயரைப் பொறித்துச் சிறப்பித்தனர்.

அருஞ்செயல் என்பது கண்ணை மூடிக்கொண்டு இடரில் குதித்தல் அன்று. வரக்கூடிய இடரை முன்னரே எண்ணிப் பார்த்தல், அதற்குரிய கல்வியைப் பெறுதல், வேண்டாத சுமையை விலக்குதல், வந்த இடரைக் கலங்காது தீர்த்தல் ஆகிய இவையே உண்மை வீரமாகும். கட்டுப்பாடின்றி விரைந்து செல்வோரை மக்கள் சில நாள் வியந்து பேசுவர், பின் மறந்துவிடுவர். தெரசா அம்மையார் நூறு மைல் வேகத்தையும் கண்டார். ஒரு நாள் முழுதும் மணலோடு போராடிச் சிறு தொலைவே செல்லும் பொறுமையையும் கண்டார். இவ்விரண்டனுள் கேப்டவுனுக்கு அவரைக் கொண்டு சேர்த்தது பொறுமையே ஆகும்.