வ. வே. சு. ஐயரின் கண்டிப்பு

எட்டயபுரத்துப் பாரதியாருக்குப் புதுவையில் வாய்த்த உற்ற தோழர் வ. வே. சு. ஐயர். 1881-ல் வரகனேரியில் பிறந்த அவர், லண்டனில் பாரிஸ்டர் பரீட்சையில் தேறியும், ராஜவிசுவாசப் பிரமாணம் செய்ய மனமொப்பாது பட்டத்தைத் துறந்தார். 1910-ல் புதுவை சேர்ந்து, வாலிபர்களைத் திரட்டித் தேகப்பயிற்சியும் துப்பாக்கிப் பயிற்சியும் அளித்தார். தாம் கொண்ட நியமத்தில் அணுவளவும் தவறாதவர். தம்மைச் சேர்ந்த இளைஞரிடமும் அதையே எதிர்பார்த்தார்.

அவ்வுறுதியே சேரமாதேவி குருகுலத்தில் குறையாகவும் முடிந்தது. இரு பிராமணச் சிறுவர் தனியே உண்ணப் பெற்றோர் வேண்டியதற்கு இசைந்திருந்தார்; தமிழ்நாடெங்கும் கண்டனம் எழுந்தபோதும் இசைவை மாற்றவில்லை. வாக்குத் தவறாமை அறமே. ஆயினும் பொதுப்பணம் பெற்ற தேசியக் கல்விச்சாலையில் சமபந்தி அதனினும் பெரிய அறமன்றோ? 1925-ல் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காக்கப் பாய்ந்து உயிர்நீத்தார்.

இளைஞரை நடத்துவோர் அவர் உறுதியைக் கொள்க, வளையாமையை விடுக.