பிழையை மறைக்காத மருத்துவர் சேர் ஜோன் சார்ன்லி

வத்தேகமவிலிருந்து பன்விலைக்குச் செல்லும் வழியெங்கும் மேடும் பள்ளமுமே. இங்கு இடுப்பு மூட்டுத் தேய்ந்தவருக்கு வீடே சிறையாகிவிடுகின்றது. கொழுந்துக் கூடை சுமந்து மலையேறிய கால்கள் முற்றத்தோடு நின்றுவிடுகின்றன. ருகூஉம் சுஜூதும் செய்து பழகிய முதியவர் கதிரையில் அமர்ந்து தொழ நேரிடுகின்றது. இத்தகையோரை மீண்டும் நடக்கவைக்கும் சத்திரசிகிச்சைக்கு வழிவகுத்தவரின் வாழ்வை நாம் அறிந்திருத்தல் நன்று.

1911 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்த ஜோன் சார்ன்லி, மன்செஸ்டரில் மருத்துவம் கற்று, இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் செயற்கை இடுப்பு மூட்டை உருவாக்க முனைந்தார். தொடை எலும்பின் தலைக்குப் பதிலாகச் சிறிய உருக்குக் குண்டு, அது சுழல டெப்லோன் கிண்ணம், அவற்றை எலும்புடன் பிணைக்க அக்ரிலிக் சீமெந்து என்பதே அவரது அமைப்பு.

ஏறத்தாழ 300 பேர் வலி நீங்கி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளில் டெப்லோன் தேய்ந்து, அதன் துகள்கள் உடலுக்குள் அழற்சியை உண்டாக்கின. சார்ன்லி பிழையை மறைக்கவில்லை. டெப்லோனைத் தமது தொடையிலேயே செலுத்தி அதன் தீங்கைச் சோதித்தார். பாதிக்கப்பட்டோருக்கு மறுசிகிச்சை செய்யும் சுமையையும் ஏற்றார்.

அவர் பயனற்றதென ஒதுக்கிய கடின பொலித்தீன் வகையொன்றை, அவர் வெளிநாடு சென்றிருந்த வேளை உதவியாளர் ஹரி கிரேவன் இயந்திரத்தில் இட்டுச் சோதித்தார். அது மிகச் சொற்பமாகவே தேய்ந்தது. 1962 நவம்பர் முதல் அதுவே மூட்டுக் கிண்ணமாயிற்று.

எனினும் சார்ன்லி அவசரப்படவில்லை. பல ஆண்டுகள் கண்காணித்த பின்னரே புதிய மூட்டைப் பிறருக்கு வழங்க இசைந்தார். அப்போதும், ரைட்டிங்டனுக்கு வந்து பயின்ற நிபுணர்களுக்கே அதனை விற்கவேண்டுமென நிபந்தனை விதித்தார். பொருள் சிறந்ததாயினும், பழகாத கையில் அது ஆபத்தே என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1977 இல் சேர் பட்டம் பெற்ற அவர் 1982 இல் மறைந்தார்.

அன்று ரைட்டிங்டனில் அருகே நின்று கற்றதன் ஒரு பகுதியை இன்று மெய்நிகர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பழகலாம். கண்ணில் அணியும் சாதனம் நோயாளியின் இடுப்பைக் காட்டுகின்றது. கையிலுள்ள கருவி எலும்பின் இறுக்கத்தை உணர்த்துகின்றது. கிண்ணத்தைப் பிழையான கோணத்தில் பொருத்தினால் மூட்டு நழுவக்கூடும். அங்கு நழுவினால் எவருக்கும் துன்பமில்லை, மீண்டும் தொடங்கலாம்.

அனுபவமிக்க ஆசானுக்கு இயந்திரம் ஈடாகாது. ஆயினும், முதற்பிழை நோயாளியின் உடலில் நிகழாதிருக்க அது உதவும். கண்டியிலும் பேராதனையிலும் பயிலும் நம் இளம் சத்திரசிகிச்சை நிபுணர் ஒவ்வொருவருக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவேண்டும். அன்று 300 பேர் பட்ட துன்பத்தின் பாடத்தை நம் மலையகத்து முதியவர் ஒருவரின் உடலில் மீண்டும் கற்கலாகாது.