ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) பிரித்தானியாவில் பிறந்து, பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்ற மரபியல் அறிஞர் ஆவார். இயற்கைத் தேர்வையும் மரபணு மாற்றத்தையும் கணிதத்தால் அளவிட முடியும் என நிறுவியவர்களுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கை

ஹால்டேன் ஆக்சுபோர்டு நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியங்கியல் அறிஞர். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதமும் செவ்வியல் இலக்கியமும் பயின்ற இவர், அறிவியலில் பட்டம் பெற்றவரல்லர். முதல் உலகப் போரில் படையில் பணியாற்றினார். 1923 முதல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணிபுரிந்தார்.

இயற்கைத் தேர்வும் மரபணு மாற்றமும்

மான்செஸ்டர் பகுதியில் ஒருவகை அந்துப்பூச்சியின் கருநிற வடிவம் சுமார் 50 ஆண்டுகளில் வெளிர்நிற வடிவத்தைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. இதற்குக் கருநிறப் பூச்சிகள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததிகளை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என ஹால்டேன் 1924இல் கணக்கிட்டார்.

குருதி உறையாமை நோயாளர் பலர் அக்காலத்தில் பிள்ளைப்பேறின்றி இறந்தனர். ஆயினும் அந்நோய் மறையவில்லை. தேர்வினால் நீங்கும் மரபணுக்களைப் புதிய மாற்றங்கள் ஈடுசெய்கின்றன என்று கொண்டு, மனித மரபணு ஒன்றின் மாற்ற வீதத்தை இவர் 1935இல் மதிப்பிட்டார். அது தலைமுறைக்கு ஏறத்தாழ 50,000இல் 1 ஆகும்.

தலசீமியா

மத்தியதரைக் கடல் பகுதியில் தலசீமியா நோய் மிகுதியாகக் காணப்பட்டது. மரபணு மாற்றம் அடிக்கடி நிகழ்வதே காரணம் எனச் சிலர் கருதினர். ஹால்டேன் 1948இல் மாற்று விளக்கம் அளித்தார். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெறுவோர் நோயுறுவர். ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவோர் மலேரியாவைத் தாங்குவர். எனவே அம்மரபணு நிலைக்கிறது என்பதே அவ்விளக்கம். பிற்கால ஆய்வுகள் இதற்கு வலுவூட்டின.

தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்கள் பல, குளோபின் புரதத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. அது உருவாகும் அளவையே குறைக்கின்றன. ஆகவே, மரபணு வெளிப்பாட்டில் காணும் வேறுபாட்டை இயற்கைத் தேர்வு பேணிக்காப்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இந்தியாவில்

1957இல் மனைவி எலன் இசுபர்வேயுடன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1962இல் புவனேசுவரம் சென்று ஆய்வைத் தொடர்ந்த இவர், புற்றுநோயால் அங்கேயே காலமானார். இவரது விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக அளிக்கப்பட்டது.