லிஸியின் நாட்குறிப்பு

ஆய்வுக்கூடத்தில் ஒரு விலங்கு தேவையின்றி வதைபடுகிறது என்று ஒரு மாணவருக்குத் தோன்றினால், அதை அவர் யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது? உயிரியல் படிக்கும் எனக்கு இது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல. இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் லிஸி லிண்ட் அஃப் ஹாகெபி என்ற பெண்மணிதான் நினைவுக்கு வருகிறார்.

லிஸி 1878ல் சுவீடனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் செல்டன்ஹம் மகளிர் கல்லூரியில் படித்தார். 1900ல் தோழி லீசா ஷார்டாவுடன் பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்துக்குச் சென்றபோது, அங்கே சோதனைக்காக வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் நிலை இருவரையும் உலுக்கியது. வெளியில் நின்று குறை சொன்னால் எடுபடாது, உடலியலைக் கற்றுக்கொண்டுதான் பேச வேண்டும் என்று முடிவெடுத்தனர். 1902ல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தனர்.

மற்றக் கல்லூரிகளில் நடந்த செயல்முறை விளக்கங்களுக்கும் இருவரும் சென்றனர். பார்த்ததை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதினர். 1903 பிப்ரவரி 2ஆம் தேதி, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ் மாணவர்கள் முன்னிலையில் ஒரு பழுப்பு நிற டெரியர் நாயை வைத்துச் சோதனை செய்தார். அதன் வயிற்றில் முந்தைய அறுவையின் தழும்பு இருந்தது. நாய் துடித்தது, மயக்க மருந்தின் வாடையே இல்லை என்று தோழிகள் எழுதினர்.

பிரிட்டனில் 1876லேயே இதற்குச் சட்டம் இருந்தது. ஒரு விலங்கை ஒரு சோதனைக்கு மட்டுமே பயன்படுத்தலாம், வலி தெரியாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆனால், உரிமம் பெற்ற ஆய்வாளர்மீது வழக்குத் தொடர உள்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குள் தொடர வேண்டும். தோழிகள் நாட்குறிப்பை விலங்குச் சோதனை எதிர்ப்புச் சங்கத்தை நடத்திய வழக்கறிஞர் ஸ்டீஃபன் கோல்ரிட்ஜிடம் காட்டினர். நீதிமன்றம் செல்வது கடினம் என்று கருதிய அவர், மே மாதம் ஒரு பொதுக்கூட்டத்தில் விவரத்தைப் போட்டு உடைத்தார். நாட்குறிப்பும் ‘தி ஷாம்பிள்ஸ் ஆஃப் சயின்ஸ்’, அதாவது அறிவியலின் கசாப்புக்கூடம், என்ற பெயரில் நூலாக வந்தது.

பேலிஸ், கோல்ரிட்ஜ்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். அந்த நவம்பரில் லிஸியும் லீசாவும் சாட்சிக் கூண்டில் நின்றனர். நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டது என்ற பேலிஸின் வாதத்தை ஜூரிகள் ஏற்றனர். கோல்ரிட்ஜ் 2,000 பவுண்டு இழப்பீடும் 3,000 பவுண்டு செலவுத் தொகையும் செலுத்த நேர்ந்தது. நூலின் ஒரு அத்தியாயம் நீக்கப்பட்டது.

ஆனால், அதே விசாரணையில் பேலிஸின் சக ஆய்வாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஒன்றை ஒப்புக்கொண்டார். அந்த நாயை 1902 டிசம்பரில் தாம் ஏற்கெனவே அறுத்திருந்ததாகவும், இன்னொரு நாயைப் பலியிடாமல் இருக்கவே அதை மீண்டும் பயன்படுத்தியதாகவும் சொன்னார். தழும்பைப் பற்றி எழுதியது பொய்யல்ல என்று அப்போது உறுதியானது.

இங்கே பேலிஸையும் ஸ்டார்லிங்கையும் வில்லன்களாக நான் பார்க்கவில்லை. 1902ல் செக்ரட்டின் என்ற சுரப்பைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். ஹார்மோன்களைப் பற்றி நாங்கள் படிக்கும் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நல்ல அறிவியலாளரின் மேசையிலும் விதி மீறப்படலாம் என்பதுதான் எனக்கு உறைத்தது.

விவகாரம் அத்துடன் ஓயவில்லை. 1906ல் பேட்டர்சியில் அந்த நாய்க்குச் சிலை வைக்கப்பட்டது. அதை எதிர்த்து மருத்துவ மாணவர்கள் 1907ல் வீதிகளில் கலவரம் செய்தனர். 1910ல் சிலை இரவோடு இரவாக அகற்றப்பட்டது. 1906ல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் விலங்குச் சோதனைகளை விசாரித்து 1912ல் இறுதி அறிக்கை தந்தது.

லிஸி 1912ல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். மறு ஆண்டு ஒரு செய்தித்தாள்மீது தாமே அவதூறு வழக்குத் தொடுத்தார். பெண்கள் வழக்கறிஞராக முடியாத அந்தக் காலத்தில் தமக்காகத் தாமே வாதாடினார். அதிலும் தோற்றார். ஆனால், அவரது வாதத்திறன் பலரது பாராட்டைப் பெற்றது. 1963ல் இறக்கும்வரை விலங்குகளுக்காகவே உழைத்தார்.

இன்று சிங்கப்பூரில் நிலைமை வேறு. 2004ல் வெளிவந்த தேசிய வழிகாட்டி நெறிமுறைகளின்படி, விலங்குகளைக் கொண்டு ஆய்வு செய்யும் நிலையங்களில் அதற்கென ஒரு மேற்பார்வைக் குழு இருக்க வேண்டும். அதன் ஒப்புதல் இல்லாமல் ஆய்வைத் தொடங்கக்கூடாது. விலங்குகளின் நலன் குறித்த புகார்களை விசாரிப்பதும் அதன் வேலை. லிஸிபோல் பொதுமேடையைத் தேட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இருந்தாலும், பேராசிரியரைப் பற்றிப் புகார் சொல்ல மாணவருக்குத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். அப்போது லிஸியின் வழக்கு கைகொடுக்கும். கண்ணால் கண்ட தழும்பு நீதிமன்றத்தில் நின்றது. மயக்க மருந்து கொடுக்கவில்லை என்ற அனுமானம் நிற்கவில்லை. ஆகவே தேதி, நேரம், இடம், கண்ணில் பட்டது ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். ஊகித்ததைத் தனியாகக் குறியுங்கள். பிறகு குழுவிடம் கொடுங்கள். வாய் பேச முடியாத உயிருக்காகப் பேசுபவரின் சொல்லில் பிழை இருக்கக்கூடாது.